ரங்கூன் போன கொள்ளுத்தாத்தாவின் படத்தை வைத்து நாவல் எழுதுகிறேன்: ஒரு சந்தேகம்

கேட்பவர்: தேவகோட்டைப் பேத்தி

அனைவருக்கும் வணக்கம். ஓராண்டுக் காலமாக ஒரு வரலாற்று நாவல் எழுதி வருகிறேன். அதற்கு வித்தாக அமைந்தது எங்கள் வீட்டுக் கூடத்தில் என் சிறு வயது முதல் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு புகைப்படம். என் அப்பத்தாவின் பெற்றோர் அதில் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள். கொள்ளுத்தாத்தா கோட்டு அணிந்து, கைக்கடிகாரம் தெரியும்படி கையை முழங்கால் மேல் வைத்திருக்கிறார். கொள்ளுப்பாட்டி இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, சற்றே தலை குனிந்து நேரே பார்க்கிறார். பின்னால் தூணும் படிக்கட்டும் வரைந்த திரை. அப்பத்தா அவர்களுக்கு ஒரே மகள் என்பதால், அவர் புகுந்த வீட்டுக்கு வந்தபோது இந்தப் படமும் கூடவே வந்துவிட்டது.

கொள்ளுத்தாத்தா 1937இல் ரங்கூனுக்குப் போய் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். 1942க்குப் பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. கப்பலேறுவதற்கு முந்தைய வாரம் இருவரும் தேவகோட்டைக்கு வந்து இந்தப் படத்தை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் வீட்டில் எல்லாரும் சொல்லும் கதை. நாவலின் முதல் அத்தியாயமும் அந்த நாள்தான். விடியற்காலையில் மாட்டு வண்டி புறப்படுவது, வழி நெடுக இருவரும் பேசாமல் வருவது, ஸ்டூடியோவில் முதன்முறையாக அருகருகே உட்காரும் கூச்சம் என்று நாற்பது பக்கம் எழுதி முடித்தேன்.

படித்துப் பார்த்த தோழி ஒருவர், "அவருக்கு முப்பது வயது இருக்கும், பாட்டிக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும் போலிருக்கிறதே" என்று கேட்டார். உழைத்துத் தேய்ந்த முகம் என்று அதற்கு விடை சொல்லிவிட்டேன். ஆனால் சென்ற வாரம் சட்டம் மாற்றுவதற்காகப் படத்தைக் கீழே இறக்கியபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. கொள்ளுத்தாத்தாவின் மூக்கு நிழல் ஒரு பக்கம் விழுகிறது, கொள்ளுப்பாட்டியின் மூக்கு நிழல் எதிர்ப் பக்கம் விழுகிறது. ஒரே அறையில் ஒரே நேரத்தில் இருந்தவர்களுக்கு இது எப்படி நேரும்? என் முதல் அத்தியாயம் நடந்திராத ஒன்றின் மேல் நிற்கிறதோ என்ற அச்சம் வந்துவிட்டது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அப்பத்தாவுக்கு இப்போது 91 வயது. நினைவு தெளிவாக இருக்கிறது, ஆனால் தகப்பனாரைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார். அவர் இருக்கும்போதே அவருடைய தகப்பனாரின் ரங்கூன் வாழ்க்கையை நான் கற்பனையால் நிரப்புவது முறையாகுமா?

---

மறுமொழி: இருட்டறை

அம்மா, எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக ஸ்டூடியோ நடத்தியது. நான் சிறுவனாக இருந்தபோது தந்தையாருக்கு உதவியாக இருட்டறையில் நின்று வளர்ந்தவன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அது பெரும்பாலும் இரண்டு படங்களைச் சேர்த்து ஒன்றாக ஆக்கிய படமாகவே இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் இது சாதாரணமாக நடந்த வேலை. கணவர் மலாயாவிலோ பர்மாவிலோ இலங்கையிலோ இருப்பார், மனைவி ஊரில் இருப்பார், இருவரும் சேர்ந்திருக்கும் படம் வீட்டில் இருக்காது. ஒருவர் காலமான பிறகும் இப்படிக் கேட்டு வருவார்கள். இருவரின் படங்களையும் உருவத்தின் விளிம்பை ஒட்டிக் கத்தரித்து அட்டையில் ஒட்டி, வெட்டிய இடம் தெரியாமல் தூரிகையால் சாயம் தீட்டி, அந்த அட்டையைக் கேமராவில் மறுபடி படம் பிடித்து, அந்தப் புதிய நெகட்டிவிலிருந்து பிரதி போடுவார்கள். நல்ல கைக்காரர் செய்தால் கூர்ந்து பார்க்காதவரை தெரியாது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி எண்ணியல் படிகளாகச் சேமித்திருக்கிறது. அந்தக் காலத்து ஸ்டூடியோ வழக்கங்களை அறிய அவற்றைப் பாருங்கள்.

நிழல் மட்டும் போதாது, இவற்றையும் சரிபாருங்கள். இருவரின் தலை அளவும் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்குப் பொருந்துகிறதா? இரண்டு நாற்காலிகளும் ஒரே ஜோடிதானா, கால்களின் கடைசல் ஒத்திருக்கிறதா? நாற்காலிக் கால்களின் அடியில் தரையில் நிழல் விழுந்திருக்கிறதா, அல்லது கால்கள் மிதப்பதுபோல் இருக்கின்றனவா? எல்லாவற்றையும் விட முக்கியமானது துல்லியம். ஒருவருடைய கண்ணிமை முடிகூடத் தெளிவாகத் தெரிந்து, மற்றவருடைய முகம் சற்று மழுங்கி இருந்தால், மழுங்கியவர் ஏற்கெனவே இருந்த ஒரு பிரதியிலிருந்து மறுபடி எடுக்கப்பட்டவர் என்று கொள்ளலாம்.

ஒரு வேண்டுகோள். சட்டத்தைக் கழற்றும்போது படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் தயவுசெய்து பிரிக்காதீர்கள். மேலே இருக்கும் ஜெலட்டின் பூச்சு ஈரத்தில் இளகிக் கண்ணாடியில் பிடித்திருக்கும். இழுத்தால் முகமே பெயர்ந்து வந்துவிடும். கண்ணாடியோடு வைத்தே, வெளிச்சம் திருப்பி அடிக்காத கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக வந்துவிட்டால் அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்திக்குக் குறையாமல் ஸ்கேன் செய்து, முன்பக்கத்தைப் போலவே பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். விளிம்புகளில் வெள்ளிபோல் ஒரு மினுமினுப்பு இருந்தால் துடைக்க வேண்டாம். அது அழுக்கு அன்று, படத்தில் உள்ள வெள்ளியே மேலே வந்திருப்பது. பின்னால் பேனாவால் எதுவும் எழுதாதீர்கள்.

---

மறுமொழி: காவிரிக்கரை வாசகன்

இவ்வளவு ஆராய்ச்சி தேவைதானா என்று தோன்றுகிறது. நாவல் ஆவணம் அன்று. மாட்டு வண்டிப் பயணமும் ஸ்டூடியோக் கூச்சமும் வாசகரின் மனத்தைத் தொடுமானால், அது உண்மையில் நடந்ததா என்று எவரும் கேட்கப் போவதில்லை. எழுதிய நாற்பது பக்கத்தை விட்டுவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

---

மறுமொழி: வடக்கு வீதி

மேலே எழுதிய நண்பரோடு நான் உடன்படவில்லை. நடக்காததை எழுதக் கூடாது என்பதற்காக அன்று. வண்டியில் ஏறி ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்ட தம்பதியைப் பற்றி யாரும் எழுதிவிடலாம். சேர்ந்து உட்காராத இருவரை ஒரே சட்டத்துக்குள் உட்கார வைக்க வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்து, பணம் கொடுத்து, அதைச் செய்வித்து, கூடத்தில் மாட்டினார் என்பது அந்த வீட்டுக்கு மட்டுமே உரிய கதை. அந்த ஒருவர் யார், எந்த ஆண்டு, எதற்காக என்ற மூன்று கேள்விகளுக்குள் உங்கள் நாவல் இருக்கிறது.

ஆண்டை ஊகிக்க வரலாற்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டு, பிரிட்டிஷ் ஆட்சியின் கீழேயே தனி நாடாயிற்று. அந்த ஆண்டில் கப்பலேறியவருக்கு, தான் போவது இன்னொரு நாட்டுக்கு என்ற எண்ணம் இருந்ததா, அல்லது சென்னையிலிருந்து சில நாள் கடற்பயணம் என்று மட்டுமே இருந்ததா என்பதே ஓர் அத்தியாயத்துக்குப் போதும். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. இரண்டு நாள் கழித்து, கிறிஸ்துமஸ் அன்று, மறுபடி விழுந்தன. 1942 மார்ச் 8 அன்று நகரம் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அதோடு கடிதமும் மணியார்டரும் நின்றன. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அந்த நாட்களில் சென்னை நகரத்திலிருந்து மக்கள் பெருமளவில் வெளியேறினார்கள். பர்மா அரிசி வருவது நின்று, சென்னை மாகாணம் முழுவதும் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. கணவர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவர் என்ற பெருமையோடு ஊரில் இருந்த பெண் அந்த நாட்களில் உலை வைத்ததை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. அன்றைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவுப்படி, ஒருவரைப் பற்றி இயல்பாகத் தகவல் அறிய வேண்டியவர்களுக்கு ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும். 1942லிருந்து எண்ணினால் 1949. சட்டத்தின் கணக்கு அது. ஊரின் கணக்கு வேறாக இருந்திருக்கும், பாட்டியின் கணக்கு இரண்டிலிருந்தும் வேறாக இருந்திருக்கலாம். படத்தில் அவர் நெற்றியில் பொட்டு இருக்கிறதா, கழுத்தில் தாலி தெரிகிறதா என்பதைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

உடையையும் நகையையும் வைத்து முடிவுக்கு வரும்போது நிதானம் வேண்டும். என் முதல் நாவலுக்கு என் தாய்வழிக் குடும்பப் படம் ஒன்றே அடிப்படை. அதில் ஒரு பெண் அணிந்திருந்த கல் அட்டிகையை வைத்து அவரை வசதியான வீட்டுப் பெண்ணாக எழுதினேன். புத்தகம் வந்த பிறகு, எங்கள் உறவில் மூத்தவர் ஒருவர், அது படத்துக்காகப் பக்கத்து வீட்டில் ஒரு நாள் இரவல் வாங்கியது என்று சொன்னார். கோட்டும் கடிகாரமும் குடையும் ஸ்டூடியோக்காரர்களே வைத்திருந்து அணிவித்த காலம் அது. படத்தில் இருக்கும் பொருள், அந்த ஆண்டுக்கு முன் அந்தப் படம் எடுத்திருக்க முடியாது என்று சொல்லும். அது படத்தில் இருப்பவருக்கே சொந்தம் என்று சொல்லாது. இரவல் அட்டிகை என்பதை அறிந்து எழுதியிருந்தால் அந்த நாவல் எவ்வளவோ மேலாக வந்திருக்கும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அப்பத்தாவைப் பற்றி. தகப்பனாரைப் பற்றிக் கேட்காதீர்கள், படத்தைப் பற்றிக் கேளுங்கள். படம் முதலில் எந்தச் சுவரில் இருந்தது, யார் துடைப்பார்கள், மாலை போட்டதுண்டா, போட்டார்கள் என்றால் எப்போதிருந்து, இறந்த நாள் தெரியாதவருக்கு அமாவாசையில் தர்ப்பணம் கொடுக்கும் வழக்கப்படி உங்கள் வீட்டில் யாராவது கொடுத்தார்களா என்று கேளுங்கள். பொருளைப் பற்றிப் பேசுவது முதியவர்களுக்கு எளிதாக இருக்கும். படத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு அமைதியாக இருங்கள்.

ரங்கூன் வாழ்க்கையை நிரப்பலாமா என்ற கேள்விக்கு என் விடை இதுதான். ஊர், பெயர், தொழில் மூன்றையும் மாற்றிவிட்டு நிரப்புங்கள். படத்தில் இருப்பவர் செய்ததாக உங்களுக்குத் தெரியாத ஒரு குற்றத்தையோ உறவையோ, அவர்தான் என்று குடும்பத்தார் அடையாளம் காணும்படி ஒரு பாத்திரத்தின் மேல் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அந்தக் காலத்து இதழ்களைப் புரட்டுங்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசு ஆணைகள் இருக்கும். கற்பனை தானாக வேறு பாதையில் போவதைக் காண்பீர்கள்.

---

மறுமொழி: தமு வழி

என் பாட்டனார் 1942இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களில் ஒருவர். மாந்தளைக்கு வடக்கே வந்து, கலேவா, தமு வழியாக மணிப்பூருக்குள் நுழைந்து, திமாப்பூரில் ரயில் ஏறியவர். சிலர் தவுங்கப் கணவாய் வழியாக அரக்கான் கரைக்குப் போய்ச் சிட்டகாங் சேர்ந்தார்கள். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்த மாதங்களில் வெளியேறினார்கள். பல்லாயிரம் பேர் காலராவாலும் பசியாலும் வழியிலேயே இறந்தார்கள். ஐரோப்பியருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி என்று பாகுபாடு காட்டப்பட்டதாக அப்போதே கடும் குற்றச்சாட்டு எழுந்தது.

எங்கள் வீட்டில் 1942க்கு முந்தைய படம் ஒன்றுகூட இல்லை. பாட்டனார் டிரங்குப் பெட்டியோடு புறப்பட்டு, சில நாட்களில் பெட்டியை விட்டுவிட்டு, துணி மூட்டையோடு நடந்து, கடைசியில் ஒரு குவளையோடு ஊர் வந்து சேர்ந்தார். பர்மாத் தமிழர்களின் படங்கள் மிஞ்சியிருக்கின்றன என்றால், பெரும்பாலும் அவை முன்பே தபாலில் ஊருக்கு அனுப்பப்பட்டவையாகத்தான் இருக்கும். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் உருவமும் அப்படி உறையில் வந்த ஒரு ரங்கூன் படத்திலிருந்து எடுத்ததாக இருக்கலாம். அந்த உறையோ பழைய படமோ எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

நடைப் பயணத்தை எழுதுவீர்களானால் ஒரு வேண்டுகோள். வழியெல்லாம் பிணங்கள் என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். என் பாட்டனார் அதைப் பற்றி ஒரு முறைகூடப் பேசியதில்லை. அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, தண்ணீர் கொடுத்த ஒரு மலைக் கிராமத்துப் பெண்ணைப் பற்றி மட்டும்தான்.

---

மறுமொழி: தேவகோட்டைப் பேத்தி

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இருட்டறை ஐயா சொன்னபடி பார்த்தேன். நாற்காலிக் கால்கள் ஜோடி இல்லை. கொள்ளுத்தாத்தாவின் முகம் மழுங்கலாகவும், கொள்ளுப்பாட்டியின் சேலைக் கரை நூல் நூலாகவும் தெரிகின்றன. பொட்டும் இருக்கிறது, தாலியும் தெரிகிறது.

பிறகு படத்தை அப்பத்தாவின் மடியில் வைத்தேன். வெகுநேரம் கண்ணாடி மேல் விரலால் தடவிக்கொண்டிருந்தவர், "நானுந்தான் கூடப் போனேன்" என்றார்.

1951இல் அவருக்குத் திருமணம் நிச்சயமானது. அப்போது அவருக்கு 17 வயது. பத்திரிகையில் தகப்பனார் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போட வேண்டும் என்று பங்காளிகள் சொல்லியிருக்கிறார்கள். ஏழு வருடம் தாண்டி இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று அவர்களில் சட்டம் தெரிந்த ஒருவர் எடுத்துச் சொல்லியிருக்கிறார். கொள்ளுப்பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை. பெயர் மட்டும் அச்சாயிற்று, முன்னால் எதுவும் இல்லை. அதற்கு அடுத்த வாரம்தான் தாயும் மகளும் தேவகோட்டைக்குப் போயிருக்கிறார்கள். ரங்கூனிலிருந்து முதல் வருடத்தில் வந்த ஒரு சிறு படம் உறையோடு இடுப்பில் இருந்திருக்கிறது. ஸ்டூடியோக்காரர் அதைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, கொள்ளுப்பாட்டியை ஓர் ஓரமாக உட்கார வைத்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடத்தை வெறுமையாக விட்டாராம். அந்த வெற்றிடத்தைப் பார்க்கக் கூடாது, நேரே பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னாராம்.

திருமணத்தன்று படம் மணவறைக்கு அருகில் ஒரு முக்காலியில் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதைக் கப்பலேறும் முன் எடுத்த படம் என்றே நினைத்தார்கள், நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். "யாருகிட்டயும் சொல்லாதன்னு அம்மா சொல்லீருந்தாக" என்றார் அப்பத்தா. பேச்சை மாற்றி வந்ததற்குக் காரணம் தகப்பனார் அல்லர், இந்த வாக்கு. நாவலில் எழுதலாமா என்று கேட்டேன். பெயரை மாற்றிவிடு என்றார். சிறிது நேரம் கழித்து, வண்டியில் போகவில்லை, நடந்துதான் போனோம் என்றும் சொன்னார்.

நாற்பது பக்கத்தையும் எடுத்துவிட்டேன். வடக்கு வீதி அவர்கள் சொன்னதுபோல், நாவல் இப்போது ரங்கூனுக்குப் போவதில்லை. கடிதம் வந்த வரைக்கும் கடிதத்தில் இருந்த ரங்கூன் மட்டும்தான் வரும். தமு வழி அவர்களே, அந்த நடைப் பயணமும் கிராமத்துக்கு வந்து சேர்ந்த வதந்தியாக மட்டுமே இருக்கும், ஏனென்றால் கொள்ளுப்பாட்டிக்குத் தெரிந்தது அவ்வளவே. சிறிய ரங்கூன் படத்தைப் பரண் முழுக்கத் தேடினேன், கிடைக்கவில்லை. ஸ்டூடியோவில் கத்தரித்ததில் அது போயிருக்குமோ என்று அஞ்சுகிறேன்.

இருட்டறை ஐயாவிடம் கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். கொள்ளுத்தாத்தாவின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதானே கொள்ளுப்பாட்டியைப் படம் பிடித்தார். அப்படியிருக்க வெளிச்சத்தை ஏன் ஒரே பக்கமாக அமைக்கவில்லை? அந்தக் காட்சியை எழுத வேண்டியிருப்பதால் கேட்கிறேன்.

---

மறுமொழி: இருட்டறை

அம்மா, சிறிய படத்தைக் கத்தரித்திருக்க மாட்டார்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் ஒரே படத்தில் யாரும் கத்தரி வைப்பதில்லை. அதை முதலில் நகல் எடுத்துப் பெரிதாக்கி, அந்தப் பிரதியைத்தான் வெட்டுவார்கள். ஆகவே தேடுவதை நிறுத்தாதீர்கள். சட்டத்தின் பின் அட்டைக்கும் படத்துக்கும் நடுவில் செருகி வைப்பதும் உண்டு, அங்கே பார்த்தீர்களா?

வெளிச்சத்துக்கு வருகிறேன். சிறிய ஊர் ஸ்டூடியோக்கள் பல அப்போதும் பகல் வெளிச்சத்தை நம்பியே நடந்தன. ஒரு பக்கச் சுவரிலோ கூரைச் சரிவிலோ கண்ணாடி பதித்திருப்பார்கள், எதிர்ப் பக்கம் சுவராக இருக்கும். வெளிச்சம் எங்கிருந்து வருமோ அங்கிருந்துதான் வரும், ஆளைத் தவிர எதையும் நகர்த்த முடியாது. ரங்கூன் போன்ற பெரிய நகரத்தில் மின்விளக்கு வைத்து எடுத்திருக்கலாம், நிழல் எதிர்ப் பக்கம் விழுந்திருக்கலாம்.

ஆனால் இதைச் சரிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு, அது அந்த ஸ்டூடியோக்காரருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நகல் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்தால் இடம் வலமாகி, நிழல்கள் ஒரே பக்கத்துக்கு வந்துவிடும். நாங்களும் அப்படிச் செய்திருக்கிறோம். செய்தால் முகம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறிவிடும், வகிடு மறுபக்கம் போய்விடும், கோட்டின் மேல் பையும் கடிகாரமும் வலப் பக்கத்துக்கு வந்துவிடும். அந்நியர் எவருக்கும் தெரியாது. மனைவிக்குத் தெரியும். அவர் திருப்பினாரா இல்லையா என்பதை உங்கள் படமே சொல்லும். கோட்டுப் பை எந்தப் பக்கம் இருக்கிறது?

---

மறுமொழி: தேவகோட்டைப் பேத்தி

இடப் பக்கம்தான், ஐயா. கடிகாரமும் இடக் கையில்தான் இருக்கிறது.